புகைப்படத்துக்கு விலை சொல்வது எப்படி?

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே சிறிது தூரம் போனால் கொக்குவில் வரும். ஒரு காலத்தில் இந்த ஊரின் பெயர் சுருட்டோடு சேர்த்தே தென்னிலங்கையில் அறியப்பட்டிருந்தது. கொக்குவிலிலும் கோண்டாவிலிலும் சுற்றிய சுருட்டுகள் கட்டுக் கட்டாகத் தெற்கே போயின. அந்த வியாபாரத்தின் கணக்கு விளங்குவதற்கு இலகுவானது. புகையிலைக்கு இவ்வளவு, சுற்றுக் கூலி இவ்வளவு, ஏற்றுமதிச் செலவு இவ்வளவு, அதற்கு மேல் இலாபம் இவ்வளவு. சுருட்டு ஒரு தரம்தான் புகையும். காசு கைமாறிய பிறகு விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையில் பேச ஒன்றுமில்லை.

இன்று அதே வீதியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒருவர் கையில் இருக்கும் சரக்கு அப்படிப்பட்டதல்ல. கசூரினாக் கடற்கரையின் ஒரு மாலை நேரப் படத்தை அவர் நூறு பேருக்குக் கொடுத்தாலும் அவருடைய கணினியில் அது குறையாமல் அப்படியே இருக்கும். வாங்கியவரும் அதை ஒரு தரத்தோடு முடித்து விடுவதில்லை. கலண்டருக்கு என்று வாங்கிய படம் அடுத்த மாதம் பேஸ்புக்கில் வரும். அதற்கடுத்த மாதம் விளம்பரப் பலகையில் ஏறும். பிறகு அச்சகக்காரரின் கணினியிலிருந்து இன்னொரு கடைக்காரரின் கலண்டருக்கும் போய்விடும். ஆனால் ஸ்டூடியோக்காரர் வாங்கிய காசோ ஒரு பிரின்ட் போட்ட காசுதான்.

கலியாண வீட்டுக்கு விலை சொல்லத் தெரிந்த நமது படப்பிடிப்பாளர்கள் பலர், ஒரு கம்பனியோ ஹோட்டலோ முன்னரே எடுத்து வைத்த படம் ஒன்றைக் கேட்டு வரும்போது தடுமாறி விடுகின்றனர். கலியாணத்தில் ஒரு நாள் உழைப்பு கண்ணுக்குத் தெரிகிறது. எடுத்து வைத்த படத்தில் உழைப்பு முன்னரே முடிந்துவிட்டது; எனவே எது கிடைத்தாலும் இலாபம் என்று தோன்றுகிறது. இப்படி எடுத்துச் சேர்த்து வைத்த படங்களை மேல்நாட்டில் 'ஸ்டொக் போட்டோ' என்பர். கடையில் சரக்கு இருப்பு வைத்திருப்பது போன்றது. இருப்புப் படம் என்று நாம் சொல்லலாம். அதை இடைத்தரகர் இல்லாமல் ஒரு வர்த்தக நிறுவனத்துக்கு நேரடியாகக் கொடுப்பது எப்படி, என்ன விலை சொல்வது, என்ன எழுதிக்கொள்வது என்பதை இவ்வாரம் பார்ப்போம். படம் விற்பவருக்கு எவ்வளவு அவசியமோ, கடைக்குக் கலண்டர் அடிக்கும் நமது வர்த்தகர்களுக்கும் இது அவ்வளவு அவசியம்.

விற்பனையா, வாடகையா?

கடை வாடகை எல்லா வர்த்தகர்களுக்கும் தெரிந்த விடயம். கட்டடம் சொந்தக்காரருடையது. நீங்கள் மாத வாடகை கொடுத்து அதன் பயனை அனுபவிக்கிறீர்கள். புடைவைக் கடைக்கென்று எடுத்த இடத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் வெதுப்பகமாக மாற்ற முடியாது. இன்னொருவருக்கு மேல் வாடகைக்கு விடவும் முடியாது. காலம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். வர்த்தகப் பாவனைக்குப் படம் கொடுப்பதும் இதே மாதிரியான காரியம். கொடுக்கப்படுவது படம் அல்ல, அந்தப் படத்தை இன்ன இடத்தில் இவ்வளவு காலம் பாவிக்கும் அனுமதி.

மார்க்க ரீதியாகவும் இது புதிய சங்கதி அல்ல. ஒரு பொருளின் பயனைக் குறித்த காலத்துக்கு விலை பேசிக் கொடுப்பதை நமது பிக்ஹு நூல்கள் இஜாரா என்ற தலைப்பில் விரிவாகப் பேசுகின்றன. எதற்காகப் பாவிப்பது, எவ்வளவு காலம், எவ்வளவு கூலி என்பன இரு தரப்புக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. தெரியாமல் விட்டால் கரர் எனப்படும் நிச்சயமின்மை புகுந்து ஒப்பந்தம் பழுதாகும். கண்ணால் காண முடியாத உரிமைக்கு விலை உண்டா என்ற கேள்வியையும் அறிஞர்கள் ஆராய்ந்திருக்கின்றனர். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அக்கடமி, வர்த்தகப் பெயர், வர்த்தகச் சின்னம், ஆக்க உரிமை, கண்டுபிடிப்பு உரிமை ஆகியன பொருளாதாரப் பெறுமதியுள்ளவை, அவை ஷரீஆவின் பாதுகாப்புக்குரியவை, அவற்றில் அத்துமீறக் கூடாது என்று தீர்மானித்தது. ஆகவே கூகுளில் தேடி எடுத்த படத்தைக் கடையின் பெயரோடு சேர்த்து அச்சடிப்பவர், அது யாரோ ஒருவரின் சொத்து என்பதை நினைத்துக்கொள்வது நல்லது. (உயிருள்ளவற்றைப் படம் பிடிப்பது பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை அவரவர் தமது ஆலிமிடம் கேட்டுக்கொள்க. கீழே வரும் உதாரணங்கள் கடற்கரை, கட்டடம், உணவு பற்றியவை.)

நாட்டின் சட்டமும் இதையேதான் சொல்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி புகைப்படம் பதிப்புரிமை உள்ள ஓர் ஆக்கம். எடுத்த கணத்திலிருந்தே பாதுகாப்பு உண்டு. வர்த்தகச் சின்னத்தைப் போல எங்கும் பதிவு செய்யத் தேவையில்லை. எடுத்தவரின் வாழ்நாளும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும். நமது விடயத்துக்கு முக்கியமானது இன்னொன்று. உரிமையைக் கைமாற்றுவதோ பாவனைக்கு அனுமதி கொடுப்பதோ எழுத்தில், இரு தரப்பும் கையெழுத்திட்டு இருக்க வேண்டும் என்கிறது அச்சட்டம். எழுத்தில் வெளிப்படையாகக் குறிப்பிடாத உரிமை எதுவும் கொடுக்கப்பட்டதாகக் கொள்ளப்படாது. கலண்டருக்கு என்று எழுதினால் கலண்டருக்கு மட்டுமே. வேண்டுமென்றே மீறுபவருக்கு நீதவான் நீதிமன்றத்தில் ஐந்து இலட்சம் ரூபா வரை தண்டப்பணமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம்.

ஸ்டூடியோவில் சம்பளத்துக்கு வேலை செய்யும் பையன் வேலையின்போது எடுத்த படம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்கு உரியது. நாட்கூலிக்கு வந்து போகும் படப்பிடிப்பாளரின் நிலை அதுவல்ல. அவரிடம் முதலில் ஒரு தாள் எழுதி வாங்கிக்கொள்ளாமல் அவர் எடுத்த படத்தை வேறு நிறுவனத்துக்குக் கொடுக்கப் போவது புத்திசாலித்தனமல்ல.

உலகச் சந்தையில் நடந்தது

பல காலம் மேல்நாடுகளில் படத்தின் விலை பாவனையைப் பொறுத்தே இருந்தது. எந்தப் பத்திரிகை, எத்தனை பிரதி, அரைப் பக்கமா முழுப் பக்கமா, எந்த நாடு, எத்தனை மாதம் என்று கேட்டுத்தான் விலை சொல்வார்கள். இணையம் வந்து அந்தச் சந்தையைக் குலைத்தது. 2000ஆம் ஆண்டில் கனடாவில் தொடங்கிய ஐஸ்டொக்போட்டோ என்ற நிறுவனம், ஒரு தரம் வாங்கினால் திரும்பத் திரும்பப் பாவிக்கலாம் என்ற நிபந்தனையில் மிகச் சொற்ப விலைக்குப் படம் கொடுத்தது. 2003இல் ஷட்டர்ஸ்டொக் மாதச் சந்தா முறையைக் கொண்டு வந்தது. இந்தத் துறையின் பெரிய முதலாளியான கெட்டி இமேஜஸ் 2006இல் ஐஸ்டொக்போட்டோவை 5 கோடி டொலருக்கு வாங்கியது. போட்டியை வெல்ல முடியாதபோது விலைக்கு வாங்கி விடுவது பெரிய முதலாளிகளின் பழைய வழக்கம். 2025 ஜனவரியில் கெட்டியும் ஷட்டர்ஸ்டொக்கும் ஒன்றாக இணையப் போவதாக அறிவித்தன.

இதனால் நமது ஊர்ப் படப்பிடிப்பாளருக்கு இரண்டு பாடங்கள். முதலாவது, இத்தகைய தளங்களில் படத்தைப் போட்டால் விற்ற விலையில் சிறு பங்குதான் கைக்கு வரும். ஐஸ்டொக்கில் அவர்களுக்கு மட்டுமே கொடுப்பதென்று ஒப்பந்தம் செய்யாத சாதாரணப் படப்பிடிப்பாளரின் பங்கு நூற்றுக்கு 15 தான். நேரடியாகக் கொடுத்தால் நூறும் அவருடையது. இரண்டாவது, கைகுலுக்கும் கோட்டுக்காரர்கள், சிரிக்கும் குடும்பம், வெள்ளைத் தட்டில் அப்பிள் போன்ற எங்கும் கிடைக்கும் படங்களில் போட்டி போட முடியாது. அவை சல்லிக் காசுக்குக் கிடைக்கின்றன. இப்போது கணினியே வரைந்தும் கொடுத்துவிடும். ஆனால் குறிகட்டுவான் இறங்குதுறையில் காலை வள்ளம் ஏறும் கூட்டத்தையோ, நெடுந்தீவுக் குதிரைகளையோ, பனங்கட்டி ஊற்றிய குட்டானையோ, யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவின் நோன்புப் பெருநாள் காலையையோ கொழும்பிலிருக்கும் விளம்பர நிறுவனம் வேண்டினால் அங்கே தேடிக் களைத்துத்தான் போகும். கணினி வரைந்த யாழ்ப்பாணத்தைப் போட்டு ஹோட்டலுக்கு ஆள் பிடித்தால் வந்திறங்கும் விருந்தாளி சும்மா இருக்க மாட்டார். கிடைப்பதற்கு அரிதான சரக்கில்தான் விலை பேச இடம் இருக்கிறது.

வடக்கில் அந்தத் தேவையும் வளர்ந்துகொண்டு வருகிறது. 2014 ஒக்டோபரில் ரயில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை போனது. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினம் - காங்கேசன்துறைக் கப்பல் தொடங்கியது. கப்பல் நின்றும் ஓடியும் வந்தாலும், விருந்தினர் விடுதிகளும் உணவகங்களும் பிரயாண முகவர்களும் பெருகியே வந்திருக்கின்றனர். இவர்கள் ஒவ்வொருவருக்கும் சுவருக்கும் இணையத்தளத்துக்கும் துண்டுப்பிரசுரத்துக்கும் படம் வேண்டும். அந்த நாட்களில் கெமராவோடு நின்றவர்களிடம் இருக்கும் படங்கள் இனி யாராலும் எடுக்க முடியாதவை.

படத்தின் பெறுமதி எங்கே போய் நிற்கலாம் என்பதற்கு ஒரு சம்பவம் உண்டு. சார்ல்ஸ் ஓரியர் என்ற அமெரிக்கர் 1996இல் கலிபோர்னியாவில் காரில் போகும்போது வீதியோரம் நிறுத்தி ஒரு பச்சைக் குன்றைப் படம் பிடித்தார். யாரும் கேட்டு எடுத்ததல்ல. இருப்புப் படமாகவே முகவரிடம் கிடந்தது. மைக்ரோசொப்ட் கம்பனி தனது விண்டோஸ் எக்ஸ்பியின் முகப்புக்காக அதன் முழு உரிமையையும் வாங்கியது. விலையை இரு தரப்பும் வெளியிடவில்லை. ஆனால் மூலப் படச்சுருளைக் காப்புறுதி செய்து கொண்டுபோக அஞ்சல் நிறுவனங்கள் பின்வாங்கியதால், கம்பனியே விமானச் சீட்டு எடுத்துக் கொடுத்து அவரைக் கையில் கொண்டுவரச் செய்தது. அந்தக் குன்றை எத்தனையோ பேர் கடந்து போயிருப்பார்கள். பாவனையின் அளவுதான் அந்த விலையைத் தீர்மானித்தது.

அடி விலையைக் கண்டுபிடியுங்கள்

விலை சொல்லும் முன் தனது செலவு தெரிந்திருக்க வேண்டும். கொக்குவிலில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒருவரைக் கற்பனை செய்வோம். கீழே வரும் தொகைகள் கணக்கு விளங்குவதற்காக நான் வைத்தவை. சந்தை விலை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவரவர் தமது தொகையைப் போட்டுப் பார்க்கட்டும்.

கெமராவும் லென்சுகளும் 6 இலட்சம் ரூபா. நான்கு வருடம் உழைக்கும் என்று வைத்தால் மாதத்துக்கு 12,500 ரூபா தேய்மானம். கடை வாடகை, மின்சாரம், இணையம், கணினி எல்லாம் சேர்த்து 37,500. வீட்டுச் செலவுக்கு அவர் எடுக்க வேண்டியது 1 இலட்சம். மொத்தம் மாதம் ஒன்றரை இலட்சம். வேலை செய்யும் நாட்கள் 25 என்றால் ஒரு நாளின் விலை 6,000 ரூபா. பலர் இங்கேதான் கணக்கை விட்டுவிடுகின்றனர். தேய்மானத்தைச் சேர்ப்பதில்லை, தமக்குரிய சம்பளத்தையும் சேர்ப்பதில்லை. பெற்றோலுக்கும் சாப்பாட்டுக்கும் வந்தால் போதும் என்று விலை சொல்லிவிட்டு, நான்காம் வருடம் கெமரா பழுதாகும்போது நகையை அடகு வைக்க ஓடுகின்றனர்.

அவர் ஒரு நாள் நெடுந்தீவுக்குப் போகிறார். நாள் விலை 6,000, பிரயாணமும் சாப்பாடும் 3,000, ஆக 9,000. நல்லதாகப் பத்துப் படங்கள் தேறுகின்றன. ஒரு படத்தின் அடக்கம் 900 ரூபா என்று எண்ணினால் அது பிழை. பத்தும் விற்காது. இரண்டு விற்றால் அந்த இரண்டும் முழுச் செலவையும் சுமக்க வேண்டும். அப்படியானால் அடக்கம் 4,500. பழ வியாபாரிகளுக்கு இது நன்றாகத் தெரியும். அழுகிப் போகும் பழத்தின் விலையையும் விற்கும் பழத்தில்தான் ஏற்றுவார்கள். அதற்கு மேல் இலாபம் வைத்து, மிகச் சிறிய பாவனைக்கான அடி விலை 6,000 ரூபா என்று அவர் தீர்மானிக்கிறார். இணையத்தளத்திலும் பேஸ்புக்கிலும் ஒரு வருடம் பாவிப்பதற்கு அந்த விலை.

மற்றப் பாவனைகளை இந்த அடி விலையிலிருந்து அளக்கலாம். திருநெல்வேலியில் ஒரு விருந்தினர் விடுதி அந்தக் குதிரைப் படத்தைக் கேட்கிறது என்று வைப்போம். இணையத்தளத்துக்கு 6,000. கூடவே 2,000 துண்டுப்பிரசுரம். அதற்கு அடி விலையில் பாதி, 3,000. வீதியோரப் பெரிய பலகை ஒன்றில் ஆறு மாதம். ஆயிரக் கணக்கானோர் பார்ப்பார்கள், எனவே அடி விலையின் இரு மடங்கு, 12,000. கூட்டினால் 21,000. மூன்றையும் ஒன்றாக எடுப்பதால் 18,000க்கு விடலாம். இப்போது விடுதிக்காரர், இந்தப் படம் வேறு எந்த விடுதியிலும் வரக் கூடாது என்கிறார். இதுதான் விலை ஏறும் இடம். வட மாகாணத்தில் வேறு எந்த விடுதிக்கும் ஹோட்டலுக்கும் ஒரு வருடம் கொடுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தால், ஸ்டூடியோக்காரர் அந்த வகை வாடிக்கையாளர்கள் எல்லோரையும் இழக்கிறார். குறைந்தது இன்னொருவராவது வந்திருப்பார் அல்லவா? அவர் தந்திருக்கக் கூடியதையும் இவரே தர வேண்டும். ஆகவே 36,000. பிரயாண முகவருக்கோ வங்கிக்கோ கலண்டர் அடிப்பவருக்கோ அதே படத்தைக் கொடுக்கும் வாசல் அப்போதும் திறந்தே இருக்கிறது.

முழு உரிமையையும் எழுதிக் கேட்பவர்களும் உண்டு. அது காணியை உறுதி எழுதிக் கொடுப்பது போன்றது. கொடுத்த பிறகு அந்தப் படம் உங்களுடையதல்ல; உங்கள் சொந்தக் கடை வாசலில் மாட்டுவதற்கும் அவரிடம் கேட்க வேண்டிவரும். ஒரே ஒரு சந்தர்ப்பத்தில் வாங்குபவரின் கோரிக்கை நியாயமானது. படத்தைத் தனது பொருளின் லேபலாகவோ வர்த்தகச் சின்னத்தின் பகுதியாகவோ அவர் பதிவு செய்யப் போகிறார் என்றால், அந்தப் பதிவு பத்து வருடத்துக்கு ஒரு தரம் புதுப்பிக்கப்பட்டுத் தலைமுறை கடந்தும் போகலாம். வருட வாடகையில் அவர் நிற்க முடியாது. அப்போது விலையும் பத்து வருட வாடகையை நினைத்துச் சொல்லப்பட வேண்டும்.

கதைக்கும் முறை

விலை கேட்டவுடன் விலை சொல்லக் கூடாது. அனுபவமுள்ள ஹாட்வெயார் வியாபாரியிடம் போய் 'பெயின்ட் என்ன விலை?' என்று கேட்டுப் பாருங்கள். எந்தச் சுவருக்கு, உள்ளுக்கா வெளியிலா, எத்தனை சதுர அடி என்று அவர் திருப்பிக் கேட்பார். படக்காரரும் அப்படியே கேட்க வேண்டும்.

"தம்பி, அந்தக் காரைநகர்க் கடற்கரைப் படம் ஒண்டு வேணும், கலண்டருக்கு. எவ்வளவு?"

"எத்தினை கலண்டர் அடிக்கிறியள், நானா?"

"ஆயிரம்."

"கலண்டரில மட்டும்தானோ? கடைப் பலகையில, பேஸ்புக்கில போடுவியளோ?"

"இப்ப கலண்டர் மட்டும். மற்றதைப் பிறகு பாப்பம்."

"அப்ப கலண்டருக்கு மட்டும் விலை சொல்லுறன். மற்றது வரேக்க கதைப்பம்."

இவ்வளவுதான். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. நானாவும் தனக்குத் தேவையில்லாததற்குக் காசு கொடுக்கவில்லை.

விலை கூட என்று சொன்னால் விலையை அப்படியே வெட்டுவது கூடாது, பாவனையை வெட்டலாம். ஒரு வருடத்தை ஆறு மாதமாக்கலாம். பலகையை எடுத்துவிட்டு இணையத்தளத்தோடு நிறுத்தலாம். தனக்கு மட்டும் என்ற நிபந்தனையை நீக்கலாம். 36,000 ரூபாவைக் காரணமில்லாமல் 20,000 ஆக்கினால் முதலில் சொன்ன விலை பொய் என்று வாடிக்கையாளர் எண்ணுவார். அடுத்த தரம் பாதியிலிருந்துதான் தொடங்குவார். பாவனையைக் குறைத்து விலையைக் குறைத்தால் விலைக்கு ஒரு நியாயம் இருப்பது அவருக்கு விளங்கும். 'எங்கட பக்கத்தில உங்கட பெயரைப் போடுறம், விளம்பரம்தானே' என்று காசில்லாமல் கேட்பவர்களும் இருக்கிறார்கள். எடுத்தவரின் பெயரைப் போடுவது அவருக்குச் சட்டப்படி உள்ள உரிமை. அவருடைய காசை அவருக்கே கூலியாகக் கொடுப்பது போன்ற பேச்சு அது.

பள்ளிவாசல், பாடசாலை, அனாதை இல்லம் போன்றவற்றுக்கு இலவசமாகக் கொடுக்க விரும்பினால் தாராளமாகக் கொடுக்கலாம். அப்போதும் தாளில் உண்மையான விலையை எழுதி, அதன் கீழ் அன்பளிப்பு என்று குறிப்பிடுவது நல்லது. கொடுத்ததன் பெறுமதி வாங்கியவருக்கும் தெரியும்.

இவ்விடத்தில் பழைய நெகட்டிவ்கள் பற்றி ஒரு வார்த்தை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது வீடுகளோடு அல்பங்களும் போயின. தமது வாப்பாவின் கடை எப்படி இருந்தது, ஒஸ்மானியாவில் படித்த காலத்து வகுப்புப் படம் எங்கே என்று இன்று தேடும் குடும்பங்கள் புத்தளத்திலும் கொழும்பிலும் நிறைய. அந்தக் காலத்துப் படச்சுருள்கள் யாழ்ப்பாணத்திலோ கொக்குவிலிலோ ஒரு பழைய ஸ்டூடியோவின் பெட்டியில் கிடந்தால், அது விலைமதிக்க முடியாத இருப்பு. வியாபாரம் என்று பார்த்தாலும் குடும்பத்துக்கு ஒரு விலை, நிறுவனத்துக்கு ஒரு விலை என்று வைப்பதே முறை. குடும்பத்திடம் பிரின்ட் போட்ட செலவை மட்டும் வாங்கலாம். அதே படத்தை ஒரு வங்கி தனது வருடாந்த அறிக்கையில் போடக் கேட்டால் முழு விலையும் சொல்லலாம். படத்தில் உள்ளவர்களைக் கேட்ட பிறகுதான்.

தாளில் வர வேண்டியவை

சூரா பகராவின் 282ஆம் வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்கிறது. குர்ஆனின் மிக நீளமான வசனம் அதுவே. அதை மேடையில் ஓதக் கேட்ட நாம், கடைக்குள் வந்ததும் 'நம்பிக்கைதானே' என்று வாய்ப்பேச்சில் விட்டுவிடுகிறோம். இதற்குப் பெரிய ஒப்பந்தம் தேவையில்லை, ஒரு பக்கம் போதும். கொடுப்பவர், பெறுபவர் பெயரும் விலாசமும், படத்தின் இலக்கமும் அதன் சிறு பிரதியும், எங்கே பாவிப்பது, எத்தனை பிரதி, எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை, தனக்கு மட்டுமா இல்லையா, விலை, காசு தரும் நாள், எடுத்தவரின் பெயர் எங்கே வரும், இரண்டு கையெழுத்து. இதற்கு மேல் ஒரு வரி கட்டாயம் வேண்டும். படத்தை மூன்றாம் ஆளுக்குக் கொடுக்கக் கூடாது, அச்சு வேலை முடிந்ததும் அச்சகத்தில் உள்ள பிரதியை அழித்துவிட வேண்டும் என்பது அது. படங்கள் அதிகம் களவு போகும் வாசல் அச்சகக் கணினிதான். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் மின்னியல் ஆவணங்களுக்கு இடம் கொடுக்கிறது. இருந்தாலும் வட்ஸ்அப்பில் கைவிரலை உயர்த்திக் காட்டியதை நம்பியிருப்பதை விட, தாளில் கையெழுத்து வாங்கிப் படமெடுத்து இருவரும் வைத்துக்கொள்வது சண்டையில்லாத வழி.

காசு பிந்தினால் என்ன செய்வது? மேல்நாட்டு மாதிரிப் படிவங்களில் மாதத்துக்கு இவ்வளவு வட்டி என்று ஒரு வரி இருக்கும். அதை அப்படியே பார்த்து எழுதிவிடாதீர்கள், அது ரிபா. நமக்கு வேறு வழிகள் இருக்கின்றன. முழுக் காசும் வந்த நாளிலிருந்தே பாவனை அனுமதி தொடங்கும் என்று எழுதலாம். அப்போது காசு கொடுக்காமல் அச்சடித்தால் அது அனுமதியில்லாப் பாவனை ஆகிவிடும். கடன்காரர் என்ற நிலையில் அவர் நிற்க மாட்டார். உடன் காசுக்கு ஒரு விலை, இரண்டு மாதத் தவணைக்கு இன்னொரு விலை என்று இரண்டையும் சொல்லலாம். எதை எடுக்கிறார் என்பதைப் பேச்சு முடியும் முன் உறுதி செய்ய வேண்டும். பிறகு எவ்வளவு பிந்தினாலும் ஒரு சதமும் கூட்டக் கூடாது.

காசு வரும் வரை பெயர் பதித்த சிறிய அளவு மாதிரியை மட்டும் அனுப்புங்கள். முழுப் படத்தை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். அச்சில் மங்கலாக வரும்போது பழி உங்கள் தலையில் விழும். ஆவணமாக அனுப்ப வேண்டும், அல்லது பென்டிரைவில் கொடுக்க வேண்டும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுத் தரத்தில் ஏ3 அளவுக் கலண்டருக்கு ஏறத்தாழ 3500க்கு 4950 புள்ளி தேவை, அதாவது 17 மெகாபிக்சல். 24 மெகாபிக்சல் கெமரா அதற்குத் தாராளமாகப் போதும். வீதியோரப் பலகையைத் தூரத்தில் நின்று பார்ப்பதால் அங்குலத்துக்கு அவ்வளவு புள்ளி வேண்டியதில்லை.

படத்தில் அடையாளம் தெரியக் கூடிய ஆள் இருந்தால், விளம்பரத்துக்குக் கொடுக்கும் முன் அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். பிள்ளை என்றால் பெற்றோரிடம். சந்தையில் மீன் விற்கும் பெண்ணின் முகத்தை அவருக்குத் தெரியாமல் வங்கியின் பலகையில் ஏற்றுவது எந்த நியாயத்திலும் அடங்காது. அவருக்கும் ஒரு சிறு பங்கு கொடுப்பதை விலையிலேயே சேர்த்துக்கொள்ளலாம். பள்ளிவாசலோ கோயிலோ என்றால் நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். கோட்டை போன்ற தொல்பொருள் திணைக்களத்தின் கீழ் உள்ள இடங்களில் வர்த்தகத் தேவைக்குப் படமெடுக்கும் முன் திணைக்களத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும். ட்ரோன் பறக்க விடச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி வேண்டும்.

கடைசியாக, ஒரு கொப்பி போடுங்கள். எந்தப் படம், யாருக்கு, எதற்கு, எந்தத் திகதி வரை என்று நான்கு நிரல் போதும். தனக்கு மட்டும் என்று ஒருவருக்குக் கொடுத்ததை மறந்து இன்னொருவருக்குக் கொடுக்காமல் இருக்க இது உதவும். காலம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது வாடிக்கையாளருக்குக் கோல் எடுத்துப் புதுப்பிக்கிறாரா என்று கேட்கலாம். புதுப் படம் எடுக்காமலே வரும் வருமானம் இது. கலண்டர்காரர்கள் ஒக்டோபர் முடிவில்தான் அவசரப்பட்டுப் படம் தேடத் தொடங்குவர். ஸ்டூடியோக்காரர் செப்டம்பரிலேயே பத்துப் படங்களைச் சிறிய அளவில் அச்சிட்டு, பின்புறம் இலக்கம் போட்டு, கொக்குவில் சந்தியிலிருந்து ஆஸ்பத்திரி வீதி வரை கடை கடையாக ஏறி இறங்கலாம்.